35 நிமிடக் கூழும் திங்கட்கிழமை நாற்றமும்

கேள்வி: ஐயா, வணக்கம். உடுமலைப்பேட்டை பக்கம் எங்களுக்கு ஒரு சின்ன கிராஃப்ட் பேப்பர் மில் இருக்கிறது. அப்பா நடத்தியது, இரண்டு வருடமாக நான் பார்த்துக்கொள்கிறேன். பேப்பரைத் தண்ணீரில் கரைத்துக் கூழாக்குகிற 20 கன மீட்டர் பல்ப்பர் தொட்டி ஒன்று, 150 ஹெச்.பி. மோட்டார். 600 கிலோ வேஸ்ட் பேப்பர் போட்டு, 3% கன்சிஸ்டென்சியில் (கூழின் கெட்டித்தன்மை) 20 நிமிடம் ஓட்டி இறக்கிவிடுவோம். போன வருடம் உள்ளூர் பேப்பரோடு அமெரிக்க மிக்ஸட் பேல் (பல வகைப் பழைய பேப்பரைச் சேர்த்துக் கட்டிய கட்டு) கலக்க ஆரம்பித்தோம். அன்றிலிருந்து 35 நிமிடம் ஓட்டினாலும் கூழில் பேப்பர் துண்டு துண்டாகத் தெரிகிறது. உற்பத்தி மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. புதிதாக வந்த ஃபோர்மேன் வடக்கே ஒரு டிஷ்யூ மில்லில் இருந்தவர். அவர் சொல்லி எல்லா பேட்ச்சுக்கும் காஸ்டிக் சோடா போட்டு நீராவியும் கொடுக்கிறோம். அதற்குப் பிறகு மெஷினில் ஷீட் அறுவது நாளைக்கு 3 தடவை என்பது போய் 9, 10 தடவை ஆகிவிட்டது. 250 ஹெச்.பி. மோட்டாரும் புது ரோட்டரும் மாற்றச் சொல்லி ஒரு கம்பெனி கொட்டேஷன் கொடுத்திருக்கிறது. மாற்றலாமா? அப்பாவோ, 'ஃபாரின் பேலை நிறுத்து, எல்லாம் சரியாகிவிடும்' என்கிறார். இன்னொரு சின்ன விஷயம். ஞாயிறு மில் நிறுத்தித் திங்கள் காலை ஓட்டும்போது கூழைத் தேக்கி வைக்கிற செஸ்ட் பக்கம் அழுகின முட்டை நாற்றம், நிற்க முடியவில்லை. அதற்கு ஏதாவது மருந்து சொல்லுங்கள்.

— பெயர் வேண்டாம், உடுமலைப்பேட்டை

பதில்: தம்பிக்கு வணக்கம்.

'சின்ன விஷயம்' என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, அதற்குத்தான் முதல் பதில். மற்றதெல்லாம் பணத்தோடு போவது. இது உயிரோடு போவது.

கூழ் ஒரு நாள் அசையாமல் நின்றால் செஸ்டின் அடியில் காற்று தீர்ந்துபோகும். காற்றில்லாத இடத்தில் பெருகும் ஒரு வகைப் பாக்டீரியா, தண்ணீரில் கரைந்திருக்கிற சல்ஃபேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவாக மாற்றும். உங்கள் மில்லில் சல்ஃபேட்டுக்குப் பஞ்சம் இருக்காது. பேப்பர் தண்ணீரை உறிஞ்சாமல் இருக்கச் செய்கிற ரோசின் சைஸிங்குக்காகக் கொட்டுகிற ஆலமே அலுமினியம் சல்ஃபேட்தான். அந்தப் பாக்டீரியாவுக்குத் தீனியும் நாமே போடுகிறோம்: அட்டைப்பெட்டியை ஒட்டிய ஸ்டார்ச் பசை முழுக்கப் பல்ப்பர் தண்ணீரில்தான் கரைகிறது. மெஷினில் வடிகிற பேக்வாட்டரை வெளியே விடாமல் சுற்றிச் சுற்றிப் பயன்படுத்துகிற மில்லில் இரண்டும் நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும்.

இந்த வாயு காற்றைவிடக் கனமானது. செஸ்டுக்குள்ளேயும் பள்ளத்திலேயும் தங்கும். கொஞ்சமாக இருக்கும்போது நாறும். 100 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கு காற்றில் நூறு பங்கு) பக்கம் போனதும் மூக்கு மரத்துவிடும். 'நாற்றம் அடங்கிவிட்டது' என்று நினைத்து ஆள் இறங்குவது அந்த நேரத்தில்தான். இன்னொரு பொறியும் இருக்கிறது. நின்ற கூழுக்குள் வாயு குமிழ் குமிழாக அடைந்து கிடக்கும். கூழைக் கலக்குகிற அஜிடேட்டரைத் தட்டியதும், ஹோஸ் பைப்பால் ஓங்கி அடித்ததும் மொத்தமும் ஒரே மூச்சில் வெளியே வரும்.

1990களில் நான் ஷிஃப்ட் பார்த்த ஒரு மில்லில் செஸ்ட் கழுவ ஒருவர் இறங்கினார். விழுந்தார். அவரைத் தூக்க அவருடைய அண்ணன் மகன் இறங்கினான். மூன்றாவதாக இறங்கப் போனவரின் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்து உட்கார வைத்தோம். அவர் ஒருவர்தான் மிஞ்சினார். இந்த மாதிரி விபத்தில் முதலில் விழுந்தவரோடு, காப்பாற்றப் போனவர்களும் நிறையப் பேர் போகிறார்கள். 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 36 ஆவது பிரிவு முழுக்க இதற்காகவே எழுதப்பட்டது. அப்போதே தெரிந்த ஆபத்து, இன்றைக்கும் ஆள் குடிக்கிறது.

அதனால் நாற்றத்துக்கு மருந்து கேட்காதீர்கள். சனிக்கிழமை இரவே செஸ்டில் இருக்கிற கூழை மெஷினில் ஓட்டித் தீர்த்து, காலி செஸ்டை வெளியில் நின்றே கழுவி விடுங்கள். தீர்க்க முடியாமல் மீந்த கூழ் இருந்தால் ஞாயிறும் அஜிடேட்டர் சுற்றட்டும். அந்தக் கரண்டு செலவைப் பார்க்காதீர்கள். திங்கள் காலை முதல் முதலாக அஜிடேட்டர் போடும்போது செஸ்ட் பக்கத்தில் ஒருவரும் நிற்கக் கூடாது, ஜன்னல் கதவெல்லாம் திறந்திருக்க வேண்டும். உள்ளே இறங்கித்தான் ஆகவேண்டும் என்றால் புளோயர், கேஸ் மீட்டர், இடுப்புப் பட்டையும் கயிறும், வெளியே கயிற்றைப் பிடித்தபடி இரண்டு ஆள். இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் இறங்க வேண்டாம். கேஸ் மீட்டர் விலை, அந்த 250 ஹெச்.பி. கொட்டேஷனில் ஒரு மூலைக்குக்கூட வராது. பாக்டீரியாவைக் கொல்லும் பயோசைடு போடலாம், அது இதற்கெல்லாம் பிறகு.

இனி பல்ப்பருக்கு வருவோம்.

மோட்டாரை மாற்ற வேண்டாம். காரணத்தைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாளைக்கு வேறொருவர் வேறொரு கொட்டேஷனோடு வருவார்.

பல்ப்பரை மிக்ஸி மாதிரி நினைத்துத்தான் பாதிப் பேர் ஓட்டுகிறார்கள். அது அரிசி களைகிற பாத்திரம். அரிசி களையும்போது கைக்கும் அரிசிக்கும் நடக்கிற உரசலைவிட, அரிசிக்கும் அரிசிக்கும் நடக்கிற உரசல்தான் தவிட்டை எடுக்கிறது. கல் கல்லாகவே அடியில் தங்குகிறது, கடைசியில் அரித்து எடுத்துவிடுகிறோம். கல்லோடு சேர்த்து அரைத்துவிட்டால் அப்புறம் எந்த முறத்தால் பொறுக்குவது? பல்ப்பரும் அப்படித்தான். ஊறின பேப்பர் ஒன்றோடு ஒன்று தேய்ந்து இழை இழையாகப் பிரிய வேண்டும். பிளாஸ்டிக், டேப், தெர்மோகோல், கம்பி எல்லாம் முடிந்தவரை முழுசாக இருக்க வேண்டும். முழுசாக இருந்தால் சல்லடைத் தகடே நிறுத்திவிடும். நுணுங்கிப் போனால் ஃபைன் ஸ்கிரீனையும் தாண்டி, மெஷினில் ஷீட் உருவாகிற வலையான ஒயரில் போய் உட்காரும்.

கூழில் துண்டு குறைவதற்கு ஒரு கணக்கு உண்டு. ஆரம்பத்தில் வேகமாகக் குறையும். போகப் போக ஒவ்வொரு நிமிடத்துக்கும் கிடைக்கிற பலன் சுருங்கிக்கொண்டே வரும். கடைசித் துண்டும் கரையட்டும் என்று பல்ப்பரிலேயே நின்றால், நிமிடம் கூடக் கூடப் பேப்பர் கரைவது கொஞ்சம், பிளாஸ்டிக் நறுங்குவது நிறைய. நீங்கள் 20 நிமிடத்தை 35 ஆக்கியதில் நடந்தது இதுதான். மிஞ்சுகிற சில துண்டுகளை வழியில் இருக்கிற டிஃப்ளேக்கரோ (துண்டை இழையாகப் பிரிக்கிற இயந்திரம்) கோர்ஸ் ஸ்கிரீனோ (பெரிய கண் சல்லடை) பார்த்துக்கொள்ளும். பல்ப்பர் அந்தப் பாரத்தைச் சுமக்க வேண்டியதில்லை.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், கண்ணாடி பாட்டில் சொல்லட்டும். ஒரே பேட்ச்சிலிருந்து 10, 15, 20, 25, 35 ஆவது நிமிடத்தில் ஒரு மக் கூழ் எடுத்து, தாராளமாகத் தண்ணீர் கலந்து, ஐந்து கண்ணாடி பாட்டிலில் ஊற்றி ஜன்னல் வெளிச்சத்தில் வரிசையாக வையுங்கள். பேப்பர் துண்டு எந்த பாட்டிலோடு குறைவது நிற்கிறது, பிளாஸ்டிக் எந்த பாட்டிலில் பொடியாகத் தெரிய ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உங்கள் நேரம் இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் 0.15 மில்லிமீட்டர் வெட்டுள்ள ஸ்கிரீனில் அலசி எடை போட்டுக் கணக்குச் சொல்வார்கள். அது இல்லாவிட்டாலும் பாட்டில் பொய் சொல்லாது.

அடுத்தது தண்ணீர். 3% கன்சிஸ்டென்சி என்று எழுதியிருக்கிறீர்கள். 600 கிலோவை 20,000 லிட்டரில் போட்டால் 3% என்று வருகிறது. சரிதான், ஆனால் அது எடைச்சீட்டுக் கணக்கு. அந்த 600 கிலோவில் தண்ணீர் எவ்வளவு? வியாபாரத்தில் ஈரம் 10% பக்கம் என்று ஒப்புக்கொண்டுதான் வாங்குகிறோம். திறந்த யார்டில் கிடந்த பேல் 20% ஈரம் காட்டுவது சாதாரணம். அப்படியானால் உள்ளே போவது 480 கிலோ காய்ந்த சரக்குதான், உண்மையான கன்சிஸ்டென்சி 2.4%. அவ்வளவு தண்ணியான கூழில் பேப்பரும் பேப்பரும் எங்கே உரசும்? ரோட்டர் தண்ணீரைச் சுற்றிக்கொண்டிருக்கிறது, கரண்டு மீட்டரும் கூடவே சுற்றுகிறது. (20% ஈரமென்றால் ஆயிரம் கிலோ பேலில் 200 கிலோ தண்ணீரை நீங்கள் பேப்பர் விலை கொடுத்து வாங்குகிறீர்கள் என்பது தனிச் சோகம்.)

உங்களுடையது மாதிரி சாதா ரோட்டர் பல்ப்பர் 4, 5% வரை நன்றாகவே தாங்கும். 12%க்கு மேல் கெட்டியாக ஓட்டுவதற்குத் திருகு மாதிரி உயர்ந்த ரோட்டர் வைத்த பல்ப்பர் வேறு, அது உங்களுக்கு இப்போது வேண்டாம். பெரும்பாலான மில்லில் ஆபரேட்டர் தண்ணீரைக் கூட்டி வைப்பதற்கு ஒரே காரணம், இறக்கும்போது பம்ப் அடைக்காது என்பது. அதற்குக் கூழாகும்வரை கெட்டியாக ஓட்டிவிட்டு, இறக்குகிற நேரத்தில் பேக்வாட்டரைத் திறந்து இளக்கினால் போதும். முதலில் தண்ணீர், ரோட்டர் சுற்ற ஆரம்பித்த பிறகு பேப்பர், கடைசியில் இளக்கல் என்ற வரிசை மாறக் கூடாது.

இதற்கு ஒரு சின்னக் கணக்கு. 20 நிமிட ஓட்டமும் நிரப்ப, இறக்க 10 நிமிடமும் என்றால் ஒரு நாளைக்கு 48 பேட்ச், 28.8 டன் உள்ளே போகும். 35 நிமிடம் ஆனதும் 32 பேட்ச்தான். நீங்கள் சொல்கிற மூன்றில் ஒரு பங்கு இழப்பு அப்படியே இதுதான். இப்போது நேரத்தைத் தொடாமல் ஒரு பேட்ச்சுக்கு 900 கிலோ போடுங்கள். 32 பேட்ச்சுக்கு 28.8 டன். போனது திரும்பி வந்துவிட்டது, மோட்டார் அதேதான். ஈரத்தைக் கழித்தால் உண்மையான கன்சிஸ்டென்சி 3.6%தான், இன்னும் இடம் இருக்கிறது. கரண்டைப் பாருங்கள்: 150 ஹெச்.பி. என்பது சுமார் 112 கிலோவாட், முழு லோடில் 35 நிமிடம் ஓடினால் 65 யூனிட். 600 கிலோ போட்டால் டன்னுக்கு 108 யூனிட், 900 கிலோ போட்டால் 72. கெட்டியாக ஓடும்போது உரசல் கூடுவதால் நேரமும் தானாகக் குறையும். ஒரே நாளில் 900க்குத் தாவாமல், 700, 800 என்று இரண்டு மூன்று நாளுக்கு ஒரு படியாக ஏற்றி, ஆம்பியர் மீட்டரையும் கூழ் மேலே சுழல்வதையும் பாருங்கள். நடுவில் சுழி தெரியாமல் கூழ் சும்மா நின்றால் அது உங்கள் ரோட்டரின் எல்லை. கன்சிஸ்டென்சியை எடைச்சீட்டில் பார்க்காமல், கூழை அளந்து பிழிந்து அடுப்பில் காய வைத்து எடை போட்டுப் பழகுங்கள். ஷிஃப்டுக்கு ஒரு தடவை போதும்.

ரோட்டரைப் பற்றி ஒன்று. புதிது வாங்குமுன் இருப்பதைத் திறந்து பாருங்கள். அமெரிக்க மிக்ஸட் பேலில் கண்ணாடித் தூளும் மணலும் வரும், ரோட்டர் விளிம்பை அவை சாணை பிடிக்காமல் தேய்த்துவிடும். விளிம்பு மழுங்கி, தகட்டுக்கும் ரோட்டருக்கும் நடுவே இடைவெளி கூடினாலே நேரம் இழுக்கும். நல்ல வெல்டரிடம் கொடுத்துக் கடின உலோகம் ஏற்றி, தயாரிப்பாளர் சொன்ன இடைவெளியில் திரும்ப உட்கார வைக்கிற செலவு, கொட்டேஷனில் பத்தில் ஒரு பங்குகூட வராது என்பது என் அனுபவம்.

சரி, அப்படியானால் ஏன் அமெரிக்க பேல் வந்த பிறகு கரையவில்லை? அதில் கரைய மறுக்கிற பேப்பர் இருக்கிறது, அதனால். ஈரத்திலும் கிழியக் கூடாது என்றே செய்த பேப்பர் அது. பீர் பாட்டில் ஆறை ஒன்றாகத் தூக்குகிற அட்டை, உறைபனியில் வைக்கிற உணவுப் பெட்டி, கை துடைக்கிற டவல் இதெல்லாம். அதில் பாலிஅமைடு எபிக்ளோரோஹைட்ரின் என்ற பிசினை ஏற்றியிருப்பார்கள், அது இழைக்கு இழை பாலம் போட்டுவிடும். தண்ணீர் அந்தப் பாலத்தை அறுக்காது. நாள் ஆக ஆக பிசின் இன்னும் இறுகும். நீங்கள் 35 நிமிடம் இல்லை, 50 நிமிடம் ஓட்டினாலும் அந்தத் துண்டு துண்டாகத்தான் நிற்கும். 250 ஹெச்.பி. போட்டாலும் அது கரையாது, வெட்டுப்படும்.

இதை யார்டிலேயே கண்டுபிடிக்கலாம். சந்தேகப்படுகிற அட்டையில் ஒரு பட்டை கிழித்து, 10 நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, இரண்டு கையாலும் இழுங்கள். சாதா பேப்பர் ஈரப் பப்படம் மாதிரி கையோடு வந்துவிடும். காய்ந்தபோது இருந்த பலத்தில் 15% ஈரத்திலும் நின்றாலே அதை வெட் ஸ்ட்ரென்த் பேப்பர் என்கிறோம். இழுத்தால் விரலுக்குத் தெரியும். மெழுகு பூசிய காய்கறி, மீன் பெட்டியும் அமெரிக்க பேலில் வரும். நகத்தால் சுரண்டினால் வெள்ளையாக உதிரும். பால், பழச்சாறு டப்பா வேறு. அதில் முக்கால் பங்குதான் அட்டை, மிச்சம் பாலித்தீனும் அலுமினியத் தாளும். இந்த மூன்றையும் கன்வேயரிலேயே பிரித்துத் தனியாகச் சேர்த்து வையுங்கள்.

மெழுகுப் பெட்டியை மட்டும் அடியோடு ஒதுக்கிவிடுங்கள். வெட் ஸ்ட்ரென்த் சரக்கு வாரத்துக்கு ஒன்றிரண்டு பேட்ச் தேறினால், அதை மட்டும் தனியாக வேக வைக்கலாம்: 60 டிகிரிக்கு மேல் சூடு, காஸ்டிக் போட்டு பி.எச். 10, 11, தேவைப்பட்டால் சோடியம் பெர்சல்ஃபேட், நேரமும் தாராளமாக. பெர்சல்ஃபேட் ஆக்ஸிஜன் கொடுக்கிற உப்பு, பேப்பர் தூசியும் ஈரமும் படாத இடத்தில் வைக்க வேண்டும். சிலர் ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட்) போடச் சொல்வார்கள். வெளுத்த பேப்பருக்கு அது வேலை செய்யும், பழுப்புக் கிராஃப்டில் மரத்திலிருந்து வந்து தங்கிய லிக்னினே அதைத் தின்றுவிடும். ஆலம் ஓடுகிற அமிலத் தண்ணீரில் ஹைப்போ கலந்தால் குளோரின் வாயு கிளம்பும் என்பதையும் மறக்க வேண்டாம். வாரத்துக்கு அரை பேட்ச்கூடத் தேறவில்லை என்றால் இந்தப் பாடெல்லாம் எதற்கு, அதையும் ஒதுக்கிவிடுங்கள்.

இப்போது உங்கள் ஃபோர்மேன். அவர் மேல் கோபப்பட வேண்டாம். அவர் கற்ற பாடம் சரியான பாடம், பாடம் நடத்திய இடம்தான் வேறு. வெள்ளைக் கூழ் எடுக்கிற மில்லில் அச்சு மை இழையிலிருந்து விட்டு வரவேண்டும். காஸ்டிக் இழையை ஊதவைத்து மையை விடுவிக்கும், மஞ்சளாகாமல் இருக்கப் பெராக்சைடு போடுவார்கள், பிறகு சோப்பும் காற்றுக் குமிழியும் விட்டு மையை நுரையோடு வழித்தெடுப்பார்கள். கரூர் பக்கம் புகளூரில் டி.என்.பி.எல். காகித ஆலையிலும் அப்படி ஒரு மை நீக்கும் பிரிவு இருக்கிறது. நீங்கள் செய்வது பழுப்புக் கிராஃப்ட். உங்களுக்கு மையை எடுக்கிற வேலையே கிடையாது. பிறகு காஸ்டிக் எதற்கு?

அது சும்மா இருந்தால்கூடப் பரவாயில்லை. பார்சல் டேப்பிலும் லேபிளிலும் இருக்கிற அக்ரிலிக் பசையைக் காஸ்டிக் இளக்கிப் பொடிப்பொடியாகப் பிரித்துவிடும். பெட்டி மூடுகிற ஹாட் மெல்ட் பசை, மெழுகு இரண்டும் நீராவிச் சூட்டில் இளகும். குளிர்ந்த தண்ணீரில் பட்டாணி அளவு உருண்டையாக நின்று ஸ்கிரீனில் மாட்ட வேண்டிய பசை, சூட்டில் கொழகொழத்து 0.2 மில்லிமீட்டர் வெட்டிலும் நெளிந்து தப்பிவிடுகிறது. போதாததற்கு, பல்ப்பரில் பி.எச். 10 இருந்த கூழ் மெஷின் பக்கம் ஆலத்தைச் சந்திக்கும்போது 5க்கு விழுகிறது. காரத்தில் கரைந்திருந்தது எல்லாம் அந்த இடத்தில் திடீரென்று திரிந்து, ஒயரிலும் ஃபெல்ட்டிலும் டிரையரிலும் பிசுபிசு என்று ஒட்டும். பால் திரிகிற மாதிரிதான். ஒட்டின இடத்தில் ஷீட் பிய்ந்து துளை விழும், துளை விழுந்த இடத்தில் அறும். நாளைக்கு 9 தடவை அறுவதற்கு நான் வேறு காரணம் தேட மாட்டேன். கரையாத பேப்பரைக் கரைக்கப் போட்ட மருந்து அதைக் கரைக்கவில்லை, கரையக் கூடாத பசையைக் கரைத்துவிட்டது.

எனவே நாளை முதல் பொதுவான பேட்ச்சுக்குக் காஸ்டிக்கும் வேண்டாம், நீராவியும் வேண்டாம். பேக்வாட்டர் தன் போக்கில் 40 டிகிரி இருந்தால் அதுவே ஊறுவதற்குப் போதும். நிறுத்தின அன்றே ஷீட் அறுவது குறையாது. சுற்றில் ஏற்கெனவே சேர்ந்த பசை கழிய ஒரு வாரம் பத்து நாள் ஆகும். அதுவரை ஃபோர்மேன், 'பார்த்தீர்களா, காஸ்டிக்கை நிறுத்தியும் அறுகிறது' என்று சொல்வார். கேட்டுக்கொள்ளுங்கள், மாற்றாதீர்கள். ஒயரை மண்ணெண்ணெய் விட்டுத் துடைக்கிற பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். கரைந்த பசை தண்ணீரோடு திரும்பப் பல்ப்பருக்கே வருகிறது, டிரையர் பக்கத்தில் நெருப்புப் பயம் வேறு. மிஞ்சுகிற ஒட்டலுக்கு டால்க் பவுடர் கொஞ்சம் கூழில் கலந்தால் பசையின் மேல் படிந்து பிசுபிசுப்பை அடக்கும்.

பசை குறைகிறதா என்று பார்க்க இஸ்திரிப் பெட்டி போதும். ஃபைன் ஸ்கிரீன் தாண்டின கூழில் கையால் ஒரு சின்ன ஷீட் செய்து, வழவழப்பான எவர்சில்வர் தகட்டில் வைத்து, மேலே துணி போட்டுச் சூடாகத் தேயுங்கள். ஆறினதும் ஷீட்டை உரித்தால் பசை இருக்கிற புள்ளியெல்லாம் தகட்டில் இழையோடு ஒட்டி நிற்கும். எண்ணி, தேதியோடு நோட்டில் எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான்: முதல் பத்து நாள் காஸ்டிக், நீராவி நிறுத்தம், அடுத்துப் பேட்ச் எடை, அதற்கடுத்து நேரம். எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமை மாற்றினால் எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது, ஆளுக்கொரு கதைதான் மிஞ்சும்.

ஸ்கிரீன், கிளீனர் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் நீட்டவில்லை. கல், கம்பி மாதிரி கனமான குப்பையைப் பிரிக்கிற ஹெச்.டி. கிளீனரின் குப்பைப் பெட்டியை ஷிஃப்டுக்கு எத்தனை தடவை திறக்கிறார்கள் என்று மட்டும் ஒரு நாள் நின்று பாருங்கள். வெளியே வருகிற பிளாஸ்டிக் கழிவைச் சொந்த பாய்லரில் எரிக்கிற ஆசை வேண்டாம். அதில் பி.வி.சி. இருந்தால் டயாக்ஸின் வரும், பாய்லர் குழாயும் அரிக்கும். நன்றாகப் பிழிந்து காய வைத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதியோடு சிமென்ட் சூளைக்குக் கொடுக்கிற வழியைப் பாருங்கள்.

கடைசியாக அப்பா சொன்னது. பாதி சரி.

உள்ளூர் அட்டைப்பெட்டி என்பது ஏற்கெனவே நாலைந்து தடவை கூழான சரக்கு. ஒவ்வொரு தடவையும் டிரையரில் காயும்போது இழை விறைத்துப் போகிறது, திரும்ப ஊறினாலும் பழையபடி ஊதாது, ஒன்றோடு ஒன்று பின்னிக்கொள்ளாது, நீளமும் குறையும். ஐந்து முதல் ஏழு தடவைக்கு மேல் ஒரு இழை உழைக்காது என்பது பொதுக் கணக்கு. அதை மட்டும் வைத்து 16 பி.எஃப். (பேப்பர் வெடிக்காமல் தாங்கும் பலத்தின் அளவு) பேப்பர் செய்யலாம், 20, 22 கேட்கிற வாடிக்கையாளருக்குக் கொடுக்க முடியாது. அமெரிக்க அட்டையில் புது மரத்தின் நீள இழை இன்னும் இருக்கிறது, அதனால் வெளிநாட்டு பேலை முழுக்க நிறுத்த முடியாது. அவர் மறுப்பதில் சரியான பாதி, 'மிக்ஸட்' என்ற சொல்லில் இருக்கிறது. அங்கே பல ஊர்களில் பேப்பர், பாட்டில், டப்பா எல்லாவற்றையும் வீட்டு வாசலில் ஒரே தொட்டியில் போடுகிறார்கள். அதைப் பிரித்து மிஞ்சுவதுதான் மிக்ஸட் பேல். அந்தச் சரக்கை முன்பு சீனா வாங்கிக்கொண்டிருந்தது. 2018 தொடக்கத்தில் பிரிக்காத பேப்பரை வாங்க மாட்டோம் என்று சீனா கதவைச் சாத்தியது, கப்பல் நம் பக்கம் திரும்பியது. விலை மலிவுக்குக் காரணம் அதுதான். பழைய அட்டைப்பெட்டிக்கென்றே 11 என்றும், இரண்டு தடவை பிரித்தது 12 என்றும் அமெரிக்க வகைப்பாடு இருக்கிறது. 11இல் ஆகாத பொருள் 1%க்கு மேல் இருக்கக் கூடாது. டன்னுக்குக் கொஞ்சம் கூடுதல் விலை வரும். மிக்ஸட்டில் கழிவாகப் போகிற எடை, அதை அள்ளுகிற கூலி, 15 நிமிடக் கூடுதல் கரண்டு, அறுந்த ஷீட் எல்லாவற்றையும் ஒரு தாளில் கூட்டிப் பாருங்கள், எது மலிவு என்று தெரியும். ஆர்டரில் ஈரம் எத்தனை சதவீதம், தாண்டினால் எடையில் எவ்வளவு கழிவு என்பதையும் எழுதி வாங்குங்கள்.

சிவகாசி காலண்டர், அட்டை வெட்டுத்துண்டு உங்கள் உள்ளூர் சரக்கில் வருகிறதா என்றும் பாருங்கள். யு.வி. வார்னிஷ் பூசியதும் லேமினேஷன் செய்ததும் புள்ளி புள்ளியாக நிற்கும். எல்லாப் பழியும் அமெரிக்கா மேல் போகக் கூடாது.

பேல் உடைக்கிற இடத்தில் மேலே ஒரு தகரக் கூரையும், கீழே ஒரு பிரிக்கிற மேஜையும் போடுங்கள். ஆனி, ஆடிக் காற்றில் அந்தப் பக்கம் மழைச்சாரல் எப்படி அடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். முதலில் வந்த பேல் முதலில் உள்ளே போகட்டும். ஆறு மாதம் நனைந்து காய்ந்த பேலில் இழையும் அழுகும், ஸ்டார்ச்சும் அழுகும், அந்த அழுகல்தான் திங்கட்கிழமை நாற்றமாக வந்து நிற்கிறது. அந்த மேஜைக்குப் பக்கத்தில் அப்பாவுக்கு ஒரு நாற்காலியும் ஒரு வாளித் தண்ணீரும். பட்டையை ஊறவைத்து இழுத்துப் பார்க்கிற வேலையை அவரிடம் கொடுங்கள். அவருக்குப் பத்து நிமிடம்கூடத் தேவைப்படாது.